நடுக்கோட்டில் வெட்டினால் மறைந்துபோகும் உறுப்பு

இடுப்பை நேர் நடுவே, முன்னிருந்து பின்னாக இரண்டாகப் பிளந்து வைத்த ஒரு மாதிரியைப் பாருங்கள். சிறுநீர்ப்பை, சிறுநீர்வழி, யோனிக்குழாய், கருப்பை, மலக்குடல் எல்லாம் வரிசையாகத் தெரியும். மருத்துவ மாணவரும் தாதியரும் பெண் இடுப்பை முதலில் படிப்பது இந்தப் பக்கத்தோற்றத்தில்தான். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்துப் படமும் ஒன்றில் இதே வெட்டு, அல்லது கருப்பையையும் பலோப்பியன் குழாய்களையும் முன்னாலிருந்து காட்டுகிற படம். இரண்டிலும் யோனிலிங்கம், அதாவது கிளிற்றோரிஸ், ஒரு சின்ன முனையாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவே இருக்காது.

படம் வரைந்தவரின் கூச்சம் மட்டும் இதற்குக் காரணமில்லை, வெட்டின் திசையும் ஒரு காரணம். அந்த உறுப்பின் பெரும்பகுதி நடுக்கோட்டில் கிடையாது. நடுவில் ஒரு முனையும் வளைந்த சிறிய உடலும் மட்டுந்தான். மிச்சமெல்லாம் இடமும் வலமும் விரிந்து போகிறது. நடுவால் வாளை ஓட்டினால் இரு பக்கத்துக் கால்களும் குமிழ்களும் வெட்டுமுகத்துக்கு வெளியே தசைக்குள் புதைந்துவிடும். வெட்டின திசையில் தெரிந்ததைத்தான் புத்தகம் அச்சடித்தது, அச்சடித்ததைத்தான் அடுத்த தலைமுறை படித்தது.

பெண்ணின் பாலியல் உணர்வுக்குரிய உடலமைப்பைப் பற்றி 450 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிற வாதத்தில் பாதி இப்படித்தான் வந்தது என்பது என் துணிபு. யாருடைய உடல், என்ன வயது, எப்படிப் பதப்படுத்தியது, எந்தக் கருவியால், எந்தத் திசையில் பார்த்தது? இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு கூற்றையும் எடுத்துப் பார்த்தால் பல சண்டைகள் தாமாகவே அவிழும். அவிழாதவையும் உண்டு. அவற்றைத்தான் உண்மையான விஞ்ஞான வாதம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் உறுப்பு. வெளியே தெரிகிற முனை, உள்ளிதழ்கள் மேலே சேருமிடத்தில் ஒரு தோல் முக்காட்டின் கீழ் இருக்கும். 200 பெண்களை அளந்து 1992இல் வெளியான ஆய்வொன்றில் முனையின் சராசரி அகலம் 3.4 மில்லிமீற்றர், நீளம் 5.1 மில்லிமீற்றர். ஒரு பயற்றங்கொட்டை அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து உள்ளே போகிற உடல் 2 முதல் 4 சென்ரிமீற்றர் நீளம், 1 முதல் 2 சென்ரிமீற்றர் அகலம். அது மேலே ஏறி, பூப்பென்பின் முன்னால் தாங்கு நார்களில் தொங்கி, முழங்கையைப் போல மடங்கிக் கீழே திரும்புகிறது. மடங்கின பிறகு இரண்டு கால்களாகப் பிரியும். ஒவ்வொரு காலும் 5 முதல் 9 சென்ரிமீற்றர் வரை, இடுப்பெலும்பின் கீழ்க்கிளையை ஒட்டியபடி பின்னுக்குப் போகும். அந்தக் கால்களுக்கும் யோனிக்குழாய்ச் சுவருக்கும் இடையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குமிழ்கள். நீளம் 3 முதல் 7 சென்ரிமீற்றர். சிறுநீர்வழியையும் யோனிவாயிலையும் இரு பக்கமும் அணைத்தபடி இருக்கும்.

ஆணுறுப்பும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. கருவின் 9ஆம் வாரமளவும் வெளியுறுப்பைப் பார்த்து ஆண், பெண் என்று சொல்ல முடியாது. அதன்பிறகு, ரெஸ்ரஸ்ரோனிலிருந்து உண்டாகும் ஓமோனின் செயலால் அந்த மேடு ஆணுறுப்பாக நீள்கிறது. ஓமோன் இல்லாவிட்டால் அதே மேடு யோனிலிங்கமாகிறது. முனைக்கு முனை, காலுக்குக் கால் நேர் உறவு உண்டு. ஆணில் சிறுநீர்வழியைச் சூழ்ந்து நடுவில் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட பஞ்சுப்பகுதி, பெண்ணில் சேராமல் இரண்டு குமிழ்களாகப் பிரிந்து நிற்கிறது. பின்னால் வரப்போகிற சண்டைக்கு இந்த ஒரு விபரமே வேர்.

பெயரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கிய ஊர் யாழ்ப்பாணம். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று ஒரு சொல் இங்கே புழங்கியிருக்கிறது. பாதாதிகேசம் பாடுகிற மரபிலிருந்து எடுத்து, உடலை உறுப்புறுப்பாகச் சொல்வதற்குப் பொருத்தியிருக்கிறார்கள். அவ்வளவு சொல்வளம் உள்ள இடத்தில் இன்றைக்கும் ஒரு பெண் கிளினிக்கில் "மிஸ், கீழ நோகுது" என்றுதான் சொல்ல முடிகிறது. "கீழ" என்றால் சிறுநீர்வழியா, யோனிவாயிலா, முக்காட்டுத் தோலா, மலவாய்ப் பக்கமா? நாலுக்கும் நாலு வேறு வைத்தியம். இந்தக் கட்டுரையில் யோனிலிங்கம் என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறேன். பெண்குறிக் காம்பு என்றும் எழுதுவார்கள். ஆனால் காம்பு என்றவுடன் வெளியில் தெரிகிற சின்னத் துண்டு மட்டுந்தான் மனதில் வரும். அது இந்த விடயத்தில் சரியான வழிகாட்டி அல்ல.

இனி வெட்டுமேசை. இந்த உறுப்பைச் சேதமில்லாமல் எடுத்துக் காட்டுவது இலேசான வேலையல்ல. முன்னாலிருந்து தொடங்க வேண்டும். பூப்பு மேட்டுத் தோலை உரித்து, கொழுப்பைக் கத்தியால் சீவாமல் மழுங்கிய முனையால் விலக்க வேண்டும். அவசரப்பட்டால் போவது முதுகுப்புற நரம்புதான். யோனிலிங்கத்தின் முதுகில், கடிகார முகமாக எண்ணினால் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் தடிப்பு. வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவுதான். ஆனால் கொழுப்போடு சேர்த்து வழித்துப் போட்டுவிட்டால், அப்படியொன்று இருந்ததாகவே மாணவருக்குத் தெரியாது. நரம்பைப் பிடித்த பிறகு தாங்கு நாரை அறுத்து உடலைக் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் முழங்கை மடிப்பு விரியும். பிறகு எலும்போடு ஒட்டியிருக்கும் மெல்லிய தசையைச் சுரண்டி எடுத்தால் கால்கள் வெளிப்படும். யோனிவாயிலை மூடியிருக்கும் தசையை உரித்தால் அதன் கீழ் குமிழ்.

குமிழில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள். அது இரத்தம் நிரம்பினால் பெருக்கிற பஞ்சு. உயிர் போய், இரத்தம் வடிந்து, பதனிடும் திரவமான போமலினில் மாதக்கணக்காகக் கிடந்த ஒரு முதிய உடலில் அது சுருங்கித் தட்டையாகி, பக்கத்துக் கொழுப்பின் நிறத்திலேயே இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு, இப்படி நிரம்பிப் பெருக்கிற விறைப்பிழையம் வேறு குறைந்துபோகிறது. தானம் செய்யப்படும் உடல்களில் மிகப்பெரும்பாலானவை வயது போனவர்களுடையவை. ஆகவே நூறாண்டுக் கணக்காக மாணவர்கள் படித்தது, ஏறக்குறைய வற்றின உறுப்பொன்றின் அளவை.

இந்தச் சிக்கலை 1844இலேயே ஒருவர் தாண்டியிருந்தார். ஜேர்மனியின் கோபெல்ட் இரத்தக்குழாய்களுக்குள் சாயத்தைச் செலுத்தி, குமிழ்களை நிரப்பிவிட்டு வெட்டினார். நிரப்பினதால் கண்டார். அவருடைய படங்களில் கால்களும் குமிழ்களும் இன்றைக்குப் பார்த்தாலும் தெளிவாக இருக்கின்றன. அதற்கு முன்பு 1672இல் நெதர்லாந்தின் டி கிராஃபும் விரிவாக எழுதியிருந்தார். அதற்கும் முன்னே, 16ஆம் நூற்றாண்டில், யார் முதலில் கண்டது என்று இத்தாலியில் கொலம்போவும் ஃபலோப்பியோவும் போட்டியிட்டார்கள். அந்தப் போட்டியில் சுவாரசியம் எதுவும் இல்லை. பெண்களுக்கு அது எப்போதும் தெரிந்தே இருந்தது.

கோபெல்ட் கண்டதைப் பாடநூல்கள் தக்கவைத்துக்கொள்ளவில்லை. மெல்பேர்ணைச் சேர்ந்த சிறுநீரகத்தொகுதி அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கொனெல் 1998இல் வெளியிட்ட ஆய்வுதான் அதைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தது. 10 உடல்கள். அவற்றில் 2 பதப்படுத்தப்படாதவை, 8 பதப்படுத்தப்பட்டவை. வயது 22 முதல் 88 வரை. இளம் உடல்களில் விறைப்பிழையம் பாடநூல் சொன்னதைவிட மிகப் பெரிதாக இருந்தது. 10 உடல் சிறிய எண்ணிக்கைதான், ஆனால் வயதும் பதனிடும் முறையும் கலந்திருந்ததே இந்த ஆய்வின் பலம். 2005இல் அவரும் டிலான்சியும், பிள்ளை பெறாத, மாதவிடாய் நிற்காத, உயிருள்ள ஆரோக்கியமான பெண்களை எம்.ஆர்.ஐ படத்தில் பார்த்தார்கள். வெட்டாமலே, இரத்தம் உள்ளபடியே, அதே அமைப்புத் தெரிந்தது. வேறொரு கருவியும் அதையே காட்டினபோதுதான் அந்தக் கூற்று உறுதியானது.

இனி உண்மையான சண்டை. ஓ'கொனெலின் பக்கம் சொல்கிறது: குமிழ்கள் யோனிலிங்கத்தோடு சேர்ந்து இயங்குகின்றன, ஆகவே அவற்றை யோனிலிங்கக் குமிழ்கள் என்றே அழைக்க வேண்டும், முனை, உடல், கால், குமிழ் எல்லாம் சேர்ந்து சிறுநீர்வழியையும் யோனிக்குழாயின் கீழ்ப்பகுதியையும் அணைத்த ஒரே தொகுதி. இத்தாலியின் வின்சென்சோ புப்போ இதை எதிர்த்து எழுதினார். உடற்கூற்றியலின் சர்வதேசப் பெயர்ப்பட்டியலில் அவை யோனிவாயிற் குமிழ்கள்தான். யோனிலிங்கத்துக்கு உள்ளே இன்னொரு யோனிலிங்கம் என்று பேசுவது பிழை. யோனிக்குழாயால் வரும் உச்சம் என்று தனியாக ஒன்று இல்லை. பெயரை மாற்றி மாற்றிப் பெண்களைக் குழப்பக்கூடாது. இது அவர் பக்கம்.

இரண்டு பக்கமும் ஒரே இழையத்தைத்தான் பார்க்கிறார்கள். எல்லைக்கல்லை எங்கே நடுவது என்பதே கேள்வி. நம் ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. இரண்டு வளவுக்கு நடுவில் ஒரு பங்குக் கிணறு இருந்தால், அது யாருடைய காணி உறுதியில் வருகிறது என்று கேட்கலாம். தண்ணீர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்றும் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். உறுதியைப் பார்த்தால் புப்போ சொல்வது சரி. பட்டியலில் குமிழின் பெயர் இன்னும் யோனிவாயிலோடுதான் சேர்ந்திருக்கிறது. கட்டமைப்பிலும் வேறுபாடு உண்டு. உடலையும் கால்களையும் ஒரு தடித்த நாருறை சுற்றியிருக்கிறது, குமிழைச் சுற்றி அப்படி இல்லை. அதனால் குமிழ் நிரம்பும், பெருக்கும், ஆனால் கல்லாக இறுகாது. தண்ணீரைப் பார்த்தால் ஓ'கொனெல் சரி. கிளர்ச்சியில் இரத்தம் வருவது எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான், கருவில் வந்த வழியும் ஒன்றுதான். சத்திரசிகிச்சைக்காரருக்குத் தேவை இரண்டாவது கேள்விக்கான விடை. கத்தி பெயர்ப்பட்டியல் பார்த்து வெட்டுவதில்லை. என் சாய்வு அந்தப் பக்கமே.

ஆனால் புப்போவை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாத இடம் ஒன்று உண்டு. உள்ளே பெரிதாக இருக்கிறது என்ற செய்தி பரவினதும், அப்படியென்றால் உள்ளே அழுத்தினாலே போதுமே என்று சிலர் கணக்குப் போட்டார்கள். அது பிழைக் கணக்கு. நரம்பு முனைகள் நெருங்கிக் கிடப்பது முனையில். கால்களும் குமிழ்களும் பெருப்பதற்குரியவை, தொடுகையை அறிவதில் முனைக்குப் பக்கத்திலும் நிற்கா. அமெரிக்காவில் 18 முதல் 94 வயது வரையுள்ள 1055 பெண்களிடம் கேட்டு 2018இல் வெளியான ஆய்வில், உடலுறவு மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்றவர்கள் 18.4 வீதம். யோனிலிங்கத் தொடுகை இல்லாமல் முடியாது என்றவர்கள் 36.6 வீதம். இன்னும் 36 வீதத்தினர், அது கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். அமெரிக்க எண்ணை அப்படியே வலிகாமத்துக்கு மாற்றக்கூடாது என்பது சரி. ஆனால் நரம்பு பரவியிருக்கும் விதம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை.

யோனிக்குழாய்க்குள் தனியாக ஓர் உணர்வுப் புள்ளி உண்டு, அது ஜி புள்ளி என்று எல்லாரும் கேள்விப்பட்ட கதைக்கு வருவோம். பெண்நோயியல் மருத்துவர் ஏர்ன்ஸ்ட் கிராஃபென்பேர்க் 1950இல் எழுதின கட்டுரை வெளிவந்த இதழ் பம்பாயிலிருந்து ஏ. பி. பிள்ளை நடத்தியது. அதை நம் பக்கத்தில் கனபேர் அறியார். அந்தக் கட்டுரை புள்ளி எதையும் குறிக்கவில்லை. யோனிக்குழாயின் முன்சுவரில், சிறுநீர்வழி ஓடுகிற பாதை நெடுக ஓர் உணர்வுப் பகுதி இருக்கிறது என்றுதான் சொன்னது. தலைப்பே சிறுநீர்வழியைப் பற்றியது. 1981இல் ஒரேயொரு பெண்ணை ஆராய்ந்த அறிக்கையில் கிராஃபென்பேர்க்கின் பெயரோடு புள்ளி ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த வெகுசனப் புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. நீளமான ஒரு பகுதி ஏறக்குறைய மூன்றே பத்தாண்டில் விரலால் தொடக்கூடிய புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

பிறகு தேடல். 2001இல் ஹைன்ஸ் என்ற உளவியலாளர், சான்றெல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்து இது நவீன மருத்துவக் கட்டுக்கதை என்று எழுதினார். 2012இல் ஒஸ்ட்ரென்ஸ்கி, சிறுநீர்த்துளையின் மேல்விளிம்பிலிருந்து 16.5 மில்லிமீற்றர் தூரத்தில் 8.1 மில்லிமீற்றர் நீளமான ஒரு பை கண்டேன், அதுதான் புள்ளி என்றார். எத்தனை உடலில்? ஒன்றில். அந்த உடலுக்குரியவருக்கு வயது 83. அந்தப் பையின் இழையத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து அது என்ன என்று காட்டவும் இல்லை. 2017இல் ஓ'கொனெலின் குழு 32 முதல் 97 வயது வரையான 13 உடல்களில் யோனிக்குழாய் முன்சுவரைப் படை படையாக உரித்துப் பார்த்தது. தனி உறுப்பு எதுவும் இல்லை. சுவருக்குப் பின்னால் இருந்தது சிறுநீர்வழிதான்.

நரம்புச் செறிவைத் தேடினவர்களும் ஒத்துப்போகவில்லை. சிலர் முன்சுவரின் கீழ்ப்பகுதியில் நரம்பு கூட என்றார்கள். வேறு சிலர் எந்த இடத்திலும் ஒரே மாதிரியாகக் கூடுதல் காணவில்லை. சிறு துண்டுகளை வெட்டி எண்ணுகிற இந்த வேலையில், துண்டு எடுத்த இடம் சில மில்லிமீற்றர் மாறினாலே கணக்கு மாறும்.

அப்படியானால் முன்சுவரில் சுகம் உணர்கிறேன் என்று சொல்கிற பெண் பொய் சொல்கிறாளா? இல்லவே இல்லை. அந்த இடத்தில் மெல்லிய சுவருக்கு அப்பால் சிறுநீர்வழி, அதைச் சுற்றின பஞ்சு இழையம், சிறுநீர்த்துளை அருகே திறக்கும் ஸ்கீன் சுரப்பிகள், இருபக்கமும் குமிழ், மேலே யோனிலிங்கத்தின் அடிப்பகுதி எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. பிரான்சில் புயிசனும் ஃபொல்டெஸும் ஸ்கான் கருவியில் பார்த்தபோது, அழுத்தம் வருகையில் யோனிலிங்கத்தின் அடியும் முன்சுவரும் நெருங்கி உரசுவது தெரிந்தது. 2014இல் ஜன்னினி குழு இதற்கு யோனிலிங்கம், சிறுநீர்வழி, யோனிக்குழாய் மூன்றையும் சேர்த்து ஒரு கூட்டுப்பெயர் வைத்தது. பெயர் நீளம், ஆனால் நேர்மையானது. பெண் உணர்வது மெய். அதற்கு ஒரு தனிக் கட்டி, பொத்தான் மாதிரி, இருக்க வேண்டும் என்று கேட்டதுதான் பிழை. இந்தப் பிழையை வைத்துப் பணம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாத புள்ளிக்குள் ஊசியால் நிரப்பி ஏற்றிப் பெருப்பிக்கிறோம் என்கிற சிகிச்சையை, மருத்துவத் தேவை அற்றது, பாதுகாப்பும் பயனும் நிறுவப்படாதது என்று அமெரிக்க மகப்பேற்று, பெண்நோயியல் மருத்துவர் கல்லூரி 2007இலேயே எச்சரித்தது.

ஸ்கீன் சுரப்பி என்றதால் ஒரு வார்த்தை. சில பெண்களுக்கு உச்சத்தில் நீர் வருகிறது. 7 பெண்களிடம் முன்னும் பின்னும் சிறுநீர்ப்பையை ஸ்கான் பண்ணின பிரெஞ்சு ஆய்வு, திடீரென்று பெருகி வருகிற நீர் பெரும்பாலும் சிறுநீரே என்று கண்டது. 5 பேரில் ஸ்கீன் சுரப்பியின் புரதமும் அதோடு கலந்திருந்தது. இது நோயுமல்ல, திறமையுமல்ல.

அளவுகோல் எவ்வளவு தூரம் ஒருவரை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் மரீ பொனபார்ட்டின் கதையைவிடத் துயரமானது இல்லை. அவர் 1924இல் புனைபெயரில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 243 பெண்களில் யோனிலிங்க முனைக்கும் யோனிவாயிலுக்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்து, 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் உடலுறவில் உச்சம் அரிது என்றார். உளப்பகுப்பாய்வைத் தொடக்கிவைத்த ஃபிரொய்ட் அப்போது, முதிர்ந்த பெண்ணின் உணர்வு யோனிலிங்கத்திலிருந்து யோனிக்குழாய்க்கு நகர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு எந்த உடற்கூற்று ஆதாரமும் அவரிடம் இருக்கவில்லை. பொனபார்ட் இரண்டையும் நம்பினார். நகராத உணர்வுக்கு உறுப்பையே நகர்த்தலாம் என்று, தாங்கு நாரை அறுத்து முனையை வாயிலுக்கு அருகே இறக்கித் தைக்கிற அறுவையை 1927இல் வியன்னாவின் ஹால்பனிடம் செய்துகொண்டார். பலன் இல்லை. திரும்பவும் செய்தார். அப்போதும் இல்லை. தாங்கு நாரோடு சேர்ந்து ஓடுகிற நரம்பையும் இரத்தக்குழாயையும் நினைத்தால், ஏன் பலன் வரவில்லை என்று கேட்கவே தேவையில்லை. அவருடைய தரவுகளில் ஒரு பகுதியையும் 1940இல் வந்த இன்னொரு தொகுதியையும் வாலனும் லொயிட்டும் 2011இல் புதிய புள்ளியியலால் பார்த்தார்கள். தூரம் குறைந்தவர்களில் உடலுறவு உச்சம் கூட என்ற தொடர்பு தென்படுகிறது. தொடர்பு இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் பெண்களிடம் கேள்வி கேட்ட முறை இன்றைய தரத்துக்கு நிற்காது. அப்படியே தொடர்பு மெய்யானாலும் அது வெறும் உடலமைப்பு வேறுபாடு. கத்தி வைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

எண்களின் ஊற்றைத் தேட வேண்டும் என்பதற்கு இன்னொரு சாட்சி நரம்பு எண்ணிக்கை. யோனிலிங்கத்தில் 8000 நரம்பு நுனிகள் என்று எங்கும் எழுதியிருக்கும். அந்த எண்ணின் அடியைத் தேடிப் போனால் மாட்டில் செய்த எண்ணிக்கையில் போய் முடிகிறது. மனித நரம்பை எண்ணிச் சொன்னது அமெரிக்காவில் பிளேர் பீற்றர்ஸ் குழு. ஆணாக வாழ்வதற்குப் பாலின உறுதிப்படுத்தும் அறுவை செய்துகொண்ட 7 பேரிடம், அவர்களின் சம்மதத்தோடு முதுகுப்புற நரம்பில் சிறு துண்டு எடுத்து, சாயமேற்றி, 1000 மடங்கு பெருப்பித்து எண்ணினார்கள். ஒரு பக்கத்து நரம்பில் சராசரி 5140 நார்கள். இருபக்கமும் சேர 10,281. இங்கும் கவனிக்க வேண்டியது உண்டு. எண்ணப்பட்டவை நரம்புத் தண்டில் உள்ள உறைபோர்த்த நார்கள். நுனிகளை எண்ணவில்லை. ஒரு நார் முனையில் பல கிளைகளாகப் பிரியும். நரம்புத் துண்டைக் கொடுத்தவர்கள் ரெஸ்ரஸ்ரோன் எடுத்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் மாட்டுக் கணக்கைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாம் யோனிலிங்கமே என்று முடித்துவிடுகிறவர்களுக்கும் ஒரு தடை இருக்கிறது. முனையின் உணர்வு திருவெலும்பின் 2, 3, 4ஆம் நரம்புகள் வழியே முள்ளந்தண்டுக்குப் போகிறது. கருப்பைக் கழுத்துக்கு வேறு வழிகளும் உண்டு. முள்ளந்தண்டு முழுதாக அறுந்த சில பெண்கள் கருப்பைக் கழுத்துத் தூண்டலை உணர்ந்ததையும் உச்சமடைந்ததையும் கொமிசாருக், விப்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் பதிவுசெய்தார்கள். முள்ளந்தண்டைத் தொடாமல் மூளைக்குப் போகிற வேகசு நரம்பு அதற்கு வழியாகலாம் என்பது அவர்கள் கருத்து. 2011இல் 11 பெண்களின் மூளையைப் படமெடுத்தபோது யோனிலிங்கம், யோனிக்குழாய், கருப்பைக் கழுத்து மூன்றும் மூளையின் உணர்புலத்தில் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றன்மேலொன்று கொஞ்சம் படிந்து, ஆனால் வெவ்வேறாகத் தெரிந்தன. ஒரு வாசல் பெரிது என்பதால் மற்ற வாசல்கள் இல்லை என்று ஆகாது.

உயிருள்ள உடலில் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 382 பெண்களை ஆய்வுகூடத்தில் அவதானித்து 1966இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜோன்சனும் எழுதியவற்றில், கிளர்ச்சியை நாலு கட்டமாகப் பிரித்த அட்டவணையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஈரம் அரை நிமிடத்துக்குள்ளேயே வரத் தொடங்கும். ஈரம் வந்தது என்பதால் உறுப்பு நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்கு இன்னும் நேரம் வேண்டும். உச்சத்தை நெருங்கும்போது முனை முக்காட்டுக்குள் உள்வாங்கி மறைகிறது. அதைக் கண்டு கிளர்ச்சி இறங்கிவிட்டது என்று நினைத்துக் கணவன் அழுத்தத்தைக் கூட்டுவதோ, இடத்தை மாற்றுவதோ வழக்கமாக நடக்கிற பிழை. நடப்பது நேர்மாறு. அந்த நேரத்தில் முனையை நேரே தொட்டால் கூச்சமும் நோவும் வரும், முக்காட்டுக்கு மேலாக, அதே வேகத்தில், அதே அழுத்தத்தில் தொடர்வதே வேண்டியது.

இந்த உடற்கூறு நம் ஊரில் அதிகம் தேவைப்படுவது பிரசவ அறையிலும் அதற்குப் பிறகான மாதங்களிலுந்தான். பிள்ளை வெளிவரும்போது வாசலை வெட்டிப் பெருப்பிக்க வேண்டி வந்தால், வெட்டு பின்நடுவில் தொடங்கி, நடுக்கோட்டிலிருந்து 60 பாகை சரிவில் போக வேண்டும். தோல் இழுபட்டிருக்கிற அந்த நேரத்து 60 பாகை, தைத்த பிறகு 45 பாகை மட்டாக இறங்கிவிடும். குறைந்த சரிவில் வெட்டினால் மலவாய்த் தசைக்கு ஆபத்து. தொடக்கத்தையே பக்கவாட்டில் வைத்தால் கத்தி குமிழுக்குள் இறங்கும், இரத்தப்போக்கு கூடும். முன்பக்கம் சிறுநீர்வழிக்கும் யோனிலிங்கத்துக்கும் அருகில் கிழிந்தால், ஊசியை ஆழமாக விடாமல் மேலோட்டமாகத் தைக்க வேண்டும்.

பிறகு, பால் கொடுக்கிற காலத்தில் ஈஸ்திரஜன் குறைவு. சுவர் மெலிந்து வறளும். "உனக்கு என்னிலை விருப்பமில்லை" என்று வீட்டில் தொடங்குகிற எத்தனையோ பிணக்கின் உண்மைப் பெயர் இந்த வறட்சி. வழுவழுப்புக் களிம்பு நீரில் கரைவதாக இருக்கட்டும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இறப்பர் ஆணுறையை இளக்கிக் கிழித்துவிடும். ஆணுறை பாவிக்கிறவர்கள் அவற்றைத் தொடவே கூடாது.

நோவு இருந்தால் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஈரமாக்கிய பஞ்சுக்குச்சியால் யோனிவாயிலைக் கடிகார முகம்போல ஒவ்வொரு மணியாக மெல்லத் தொட்டு, எங்கே எவ்வளவு நோகிறது என்று கேட்டுக் குறிப்பது. வாயிலில் மட்டும் எரிந்தால் ஒரு விதம், உள்ளே தசை இறுகினால் இன்னொரு விதம். முக்காட்டுத் தோல் முனையோடு ஒட்டிப்போய் அதன் கீழ் வெள்ளைப்படிவு சேர்ந்து நோவதும் உண்டு. வெண்படலமாகத் தோல் தடித்துச் சொறிந்தால் தோல்நோய் பார்க்க வேண்டும், பூஞ்சணக் களிம்பை மாதக்கணக்காகப் பூசக்கூடாது. மனச்சோர்வுக்கு எடுக்கிற சேர்ட்ராலின், ஃபுளுவொக்ஸிற்றீன் போன்ற மாத்திரைகள் உச்சத்தைப் பிந்தச் செய்யும், சிலருக்கு நிறுத்தியே விடும். மாத்திரையைத் தானாக விடாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொன்னால், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

கர்ப்பப்பை எடுக்கச் சொன்னால், இனி எல்லாம் முடிந்தது என்ற பயத்தோடு வருகிறவர்கள் அதிகம். கருப்பைக் கழுத்தை விட்டுவைத்தால் உணர்வு மிஞ்சும் என்று ஆலோசனை சொல்கிறவர்களும் உண்டு. கழுத்துக்குத் தனி நரம்பு வழி உண்டு என்று மேலே பார்த்ததால் அது சரிபோலவும் தோன்றும். இங்கிலாந்தில் 279 பெண்களைச் சீட்டுக் குலுக்கினாற்போல இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கழுத்தோடும் மறு குழுவுக்குக் கழுத்தை விட்டும் எடுத்து, ஓராண்டு கவனித்து 2002இல் வெளியிட்டார்கள். பாலுறவு வாழ்க்கையில் இரு குழுவுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை, ஆழத்தில் நோவு என்றவர்கள் இரு குழுவிலும் குறைந்திருந்தார்கள். யோனிலிங்கமும் அதன் கால்களும் குமிழ்களும் முதுகுப்புற நரம்பும் அந்த அறுவையில் கத்தி போகிற இடத்துக்கு வெகு கீழே, வெளியே இருக்கின்றன. வார்ட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் முன்பக்கத் தோற்றமாக வரைந்து, எது எடுபடுகிறது, எது அப்படியே இருக்கிறது என்று காட்ட ஐந்து நிமிடம் போதும். பக்கத்தோற்றத்தில் வரைந்தால் அது தெரியாது.